ஐந்து கேன் தண்ணீர்

தீபாவளி முடிந்த மறுவாரம் எங்கள் காலனியிலிருந்து குற்றாலத்துக்கு ஒரு வேன் கிளம்பும். வருடத்துக்கு ஒரே ஒரு முறை. இந்த முறை கிளம்பியபோது விடியற்காலை நாலரை மணி. பெரியவர், சிறியவர் என்று இருபத்திரண்டு பேர். அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு, சின்ன சிலிண்டர், பாய், போர்வை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அப்பத்தா மட்டும் ஏறவில்லை. கையில் டார்ச்சோடு வேனுக்குப் பின்னால் நின்று தண்ணீர்க் கேன்களை எண்ணிக்கொண்டிருந்தார். இருபது லிட்டர் கேன் ஐந்து.

"அருவிக்குத் தண்ணி தூக்கிட்டுப் போற குடும்பம் நம்ம ஒண்ணுதான் அப்பத்தா" என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

"சிரிங்கடா. அஞ்சும் ஏறாம நான் ஏற மாட்டேன்" என்றார் அவர்.

சிறு வயதிலிருந்து நாங்கள் பார்த்துவரும் காட்சிதான் இது. கேன் வருவதற்கு முன்னால் குடங்கள் இருந்தன. குடத்தின் வாயில் துணியைக் கட்டி, இரண்டு கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அத்தைமார்கள் உட்கார்ந்து வருவார்கள். வழியில் தண்ணீர் விலைக்கு வாங்கக் காசில்லை, ஊர் ஊருக்குத் தண்ணீர் மாறினால் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, அதற்காகத்தான் என்று நினைத்திருந்தோம். சமூகவியல் படித்து, சாதியைப் பற்றி மேடையில் பேசவும் பழகிய பிறகும்கூட அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்தத் தண்ணீருக்கு வேறொரு பொருள் உண்டு என்பது இந்தப் பயணத்தில்தான் விளங்கியது.

முதலில் இந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடம் முழுக்க எங்கள் பெண்களை வெடி ஆபீஸுக்கு ஏற்றிப்போகும் அதே வேன்தான் இது. சிவகாசிப் பக்கம் பட்டாசு, தீப்பெட்டித் தொழிற்சாலைகளை "ஆபீஸ்" என்றுதான் சொல்வோம். இருட்டு விலகுமுன் தெருமுனையில் ஹாரன் கேட்கும். தூக்குவாளியோடு ஓடி ஏறுவார்கள். தீபாவளிக்கு முன்தினம் வரை இப்படி. அதன்பிறகு ஆபீஸ் சில வாரங்களுக்கு மூடிக்கிடக்கும். பூசை போட்டுத் திறக்கும்வரை வேனுக்கும் வேலை இல்லை. கையில் போனஸ் பணம் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஓட்டுபவரும் எங்களுக்கு மாமா முறைதான். டீசல் போட்டால் போதும் என்பார்.

அந்த வேனின் இருக்கைகளில் மருந்து படிந்த சாம்பல் நிறம் எத்தனை முறை துடைத்தாலும் போகாது. அலுமினியத் தூள். சரம் பின்னுகிற அத்தையின் நகக்கண்ணிலும் அதே நிறம்தான். இன்னொன்றையும் கவனித்தோம். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சொன்ன பிறகும், பெண்கள் எல்லோரும் தினமும் உட்காருகிற அதே இடத்தில்தான் போய் உட்கார்ந்தார்கள். வேன் கிளம்பிய ஐந்தாவது நிமிடம் தூங்கியும் போனார்கள். மல்லியைத் தாண்டும்போது சித்தி திடுக்கிட்டு விழித்து, "ஆபீஸ் வந்துருச்சா?" என்றார். வேனே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் அப்பத்தா சேரவில்லை. அவருடைய தலைமுறை வேனில் போகவில்லை, தீப்பெட்டி ஆபீஸ் பேருந்தில் போனது. கட்டை அடுக்கப் போன பிள்ளைகள் அவர்கள். 1976-இல் அப்படிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஒரு பேருந்து விபத்துக்குள்ளாகி 32 குழந்தைகள் இறந்தார்கள். அரசு ஹர்பன் சிங் என்ற அதிகாரியை விசாரிக்க அனுப்பியது. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி வெளியுலகம் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வர 1986 ஆனது. எங்கள் தலைமுறை பள்ளிக்கூடம் போனதற்கும், அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவர்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. விடியற்காலையில் பிள்ளைகளை வேனில் ஏற்றி உல்லாசப் பயணம் போகிறோம் என்றால், அது இந்த மண்ணில் சும்மா வந்த காட்சி அல்ல.

இந்த வருடம் ஒரு புது யோசனையும் சேர்ந்திருந்தது. கடைக்குட்டிப் பயல் யூடியூபில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வீடியோவைப் பார்த்திருக்கிறான். அவர்கள் வண்டியே வீடு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. இலை உதிரும் காலத்தில் அரசாங்கப் பூங்காவில் கொண்டுபோய் நிறுத்தி, நெருப்பு மூட்டி, சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வண்டிக்குள்ளேயே தூங்குகிறார்கள். "நம்மளும் காட்டுக்குள்ள வேனை நிப்பாட்டித் தூங்குவமா?" என்பதுதான் அவன் கோரிக்கை. புலிகள் காப்பகத்துக்குள் அப்படி இரவு தங்க விடமாட்டார்கள் என்று சொல்லி, பகலில் காட்டைக் காட்டுவதாகச் சமாதானம் செய்தோம்.

அதனால் முதல் நிறுத்தம் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமான மலை இது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துத் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். மலையடிவாரத்தில் பளியர் பழங்குடிக் குடியிருப்பு இருக்கிறது. சரணாலயம் என்றும் காப்பகம் என்றும் பெயர் வைப்பதற்கு முன்பே தேனும் கிழங்கும் எடுத்து அந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள் அவர்கள். காட்டைக் காப்பது பற்றி எழுதுகிறவர்கள் அவர்களைக் கடைசி வரியில்தான் எழுதுகிறார்கள். நாமாவது அப்படிச் செய்ய வேண்டாம்.

அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு ஓர் அணில் தெரிந்தது. நம் வீட்டு அணிலை மனதில் வைத்துப் பார்க்கக் கூடாது. பூனையளவு உடம்பு, அதற்கு ஈடான நீள வால். இது தரைக்கு அதிகம் இறங்காது, கிளை கிளையாகத் தாவித்தான் போகும், மரங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் பிழைக்கும் என்று வனக்காவலர் விளக்கினார். அப்பத்தா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம வேன் மாதிரிதான்" என்றார். அவருக்கு அது வேடிக்கைப் பேச்சு. எங்களுக்கு அப்போது புரியவில்லை. மத்தியானம் புரிந்தது.

ராஜபாளையம் தாண்டி, தென்காசி சாலையில் ஓரிடத்தில் மேற்கே மலை தெரிகிற ஒரு கண்மாய்க்கரை. நல்ல ஆலமரம், அடர்ந்த நிழல், ஐப்பசி மழைக்குக் கண்மாயில் பாதித் தண்ணீர். பிள்ளைகள் பசி என்று கத்த ஆரம்பித்திருந்தார்கள். வழக்கமாக எங்கள் மாமா நிறுத்துகிற இடம் அது இல்லை. அவரிடம் ஒரு பட்டியல் உண்டு. இன்ன பெட்ரோல் பங்க், இன்ன பாலத்தடி, உறவுக்காரர்கள் இருக்கிற இன்ன காலனி. அந்தப் பட்டியலில் இல்லாத இடத்தில் நிறுத்தச் சொல்லி அடம்பிடித்தது நாங்கள்தான்.

அடுப்பு பற்றவைத்தாயிற்று. குழம்பில் கோழி. வெளியூர்ப் பயணம் என்றால் கோழிதான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வீட்டில் விரும்பிச் சாப்பிடுகிற கறியை வழியில் சமைக்க மாட்டார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சித்தி அரிசியைக் களைய கேன் தண்ணீரைச் சாய்த்தார். எதிரே கண்மாய் நிறையத் தண்ணீர் இருக்க, கேனை ஏன் காலி பண்ண வேண்டும் என்று தம்பி ஒருவன் குண்டானை எடுத்துக்கொண்டு படித்துறையில் இறங்கினான்.

இரண்டு பைக்கில் நாலு பேர் வந்தார்கள். யாரும் திட்டவில்லை. கையை ஓங்கவில்லை. எழுந்து போங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நடுவயதுக்காரர் ஒருவர் மட்டும் கேட்டார்.

"எந்த ஊரு?"

சொன்னோம்.

"ஊருக்குள்ளயா? எந்தத் தெரு?"

பதில் சொல்லவில்லை. அவர் அண்டாவை எட்டிப் பார்த்தார், படித்துறையைப் பார்த்தார், போனை எடுத்து யாரிடமோ பேசிக்கொண்டே சற்றுத் தள்ளிப்போய் நின்றார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் அப்பத்தா கொதிக்கிற குழம்போடு அண்டாவை இறக்கச் சொல்லிவிட்டார். பத்தே நிமிடத்தில் பாதி வெந்த சோறும் நாங்களும் வேனுக்குள் இருந்தோம். துணியைக் கட்டி அண்டாவைப் பிடித்துக்கொண்டு வந்த சித்தியின் கை சிவந்துவிட்டது. பிள்ளைகள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எங்களை அதிகம் வருத்தியது.

தோழர்களே, இந்த இடத்தில் உங்களுக்கு வருகிற கோபம் எங்கள் தம்பிக்கும் வந்தது. "வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கு, எதுக்குப் பயந்து ஓடுறோம்?" என்று வேனுக்குள் கத்தினான். சட்டம் இருக்கிறது. 1989 சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்த திருத்தம் தெளிவாகவே சொல்கிறது. பொதுச் சொத்துகளையும் ஆறு, குளம், கிணறு, படித்துறை போன்றவற்றையும் பட்டியல் சாதியினர் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) குளத்தையும் படித்துறையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் அன்று எங்களை யார் தடுத்தார்கள்? எந்தத் தெரு என்று கேட்டதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? தமிழ்நாட்டுச் சாதிக்கு இப்போது அரிவாள் தினமும் தேவைப்படுவதில்லை. பல இடங்களில் ஒரு கேள்வியே போதுமானதாக இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் என்னவெல்லாம் நிற்கிறது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும்.

அப்பத்தாவுக்கு அது நன்றாகவே தெரியும். நாங்கள் ஓடிக்கொண்டிருந்த அதே சாலையில் 1997-இல் நடந்ததை அவர் பார்த்தவர். அந்த ஆண்டு விருதுநகரில் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மன் படைத் தளபதி என்று மக்கள் போற்றும் ஒரு தலித் வீரரின் பெயர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் மறுத்தார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான். இன்று நாம் ஏறுகிற பேருந்தில் எந்தத் தலைவர் பெயரும் இல்லை என்றால், ஒரே ஒரு பெயரைத் தாங்க முடியாததால் எல்லாப் பெயரும் போனது என்று பொருள். அதே 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்ற ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர்கள்தான். எங்கள் மாமாவின் பட்டியலை எழுதியது கோழைத்தனம் அல்ல, இப்படிப்பட்ட வருடங்கள்.

வேன் புளியங்குடியைத் தாண்டியதும், உறவுக்காரர் வீட்டு வாசலில் அடுப்பை மறுபடி பற்றவைத்தோம். அங்கேதான் அப்பத்தாவிடம் கேட்டோம், கேன் எதற்கு என்று. "பசிச்சா பிள்ளை தாங்கும். தாகத்துக்குத் தாங்குமா? தண்ணிக்குன்னு ஒருத்தன் வாசல்ல போய் நின்னா, எந்த ஊருன்னு கேப்பான். கேக்க வைக்கக் கூடாதுன்னுதான்" என்றார். தன் பிள்ளைப் பருவத்தில் அப்படி ஒரு வாசலில் நின்றிருக்கிறார். அதற்கு மேல் சொல்லவில்லை.

இதைக் கேட்டதும், படித்தும் மறந்திருந்த ஒரு பயணம் ஞாபகம் வந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நாம் அறிந்த தன்வரலாற்றுக் குறிப்புகளில் அண்ணல் அம்பேத்கர் 1901-ஆம் ஆண்டு நடந்ததை எழுதியிருக்கிறார். கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, புதுத்துணி உடுத்திக்கொண்டு, பிள்ளைகள் மட்டுமாக ரயிலில் போகிறார்கள். மசூர் நிலையத்தில் அழைத்துப்போக யாரும் வரவில்லை. மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டிப்புக் கூலி தந்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது. தண்ணீர் இல்லை. கேட்டாலும் கிடைக்கவில்லை. சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பட்டினியாகத் தூங்குகிறார்கள். 1934-இல், அவர் நாடறிந்த தலைவரான பிறகு, சுமார் முப்பது தோழர்களோடு வெருள் குகைகளைப் பார்க்கச் சுற்றுலா போகிறார். தௌலதாபாத் கோட்டை வாசலில் தூசி படிந்த முகத்தைக் குளத்தில் கழுவியதற்காக அந்தக் குழுவை ஒரு கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. கோட்டைக்குள் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதக் காவலரைத் துணைக்கு அனுப்பித்தான் அவர்களை உள்ளே விட்டார்கள்.

அந்தக் குறிப்புகளைப் படிக்காத எங்கள் அப்பத்தாவும் அதே பாடத்தைத்தான் படித்திருக்கிறார். ஐந்து கேன் தண்ணீர் என்பது அந்தப் பாடத்தின் சுருக்கம்.

குற்றாலத்துக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம் என்று வரிசை இருந்தது. எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. பெரியம்மா, சித்தி, அத்தை எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீருக்கடியில் நின்று வாய்விட்டுக் கத்தினார்கள். வெடி ஆபீஸில் சத்தம் போட்டுப் பேசினாலே ஃபோர்மேன் முறைப்பார். இரவு வேனை நிறுத்தியிருந்த இடத்திலேயே சமைத்து, பாதிப் பேர் வேனுக்குள்ளும் மீதிப் பேர் பக்கத்தில் பாய் விரித்தும் படுத்தோம். கடைக்குட்டி கேட்ட மாதிரி வண்டி அன்று வீடானது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கண்விழித்த சித்தி, "ஹாரன் கேக்காம முழிச்சு எத்தனை வருசமாச்சு" என்றார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறோம். ஓய்வு என்பது நமக்கு யாரும் போடும் பிச்சை அல்ல, உரிமை. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாகத்தான், 1945-இல் சம்பளத்தோடு கூடிய விடுமுறை இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் நுழைந்தது. வழிப்பயணத்தில் தண்ணீர் கிடைக்காத பிள்ளை வளர்ந்து வந்து எழுதிய சட்டம் அது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்றது. 2020-இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆக்கியிருக்கிறது. அரசமைப்பின் 43-ஆவது பிரிவு, வாழ்வதற்கான கூலியோடு ஓய்வை முழுமையாக அனுபவிப்பதையும் சேர்த்தே பேசுகிறது.

எங்கள் வேனில் இருந்த ஒன்பது பெண்களிடம் கேட்டோம். சம்பளத்தோடு விடுப்பு எடுத்தவர் ஒருவரும் இல்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பீஸ் ரேட்டில் வேலை, ஒப்பந்தக்காரர் கையில் கணக்கு. தீபாவளிக்குப் பிறகு ஆபீஸ் மூடும் வாரங்கள் விடுமுறை அல்ல, கூலி இல்லாத நாட்கள். உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் நான்கு மாதம் போல மூடிக்கிடந்தபோது எங்கள் தெருவில் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். அதை யாரும் ஓய்வு என்று சொல்லவில்லை. அந்த வருடம் குற்றாலத்துக்கு வேனும் போகவில்லை.

திரும்பி வந்த பிறகு இரண்டு வேலை செய்தோம். ஒன்று, விடுப்புக் கணக்கு. யார் எத்தனை நாள் வேலைக்குப் போனார்கள் என்று பெண்கள் தாங்களே ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும் என்று முடிவானது. வேன் ஏறும் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. 180 கோடு சேர்ந்ததும் கேட்கலாம். இரண்டாவது, அந்தக் கண்மாய். தமிழ்நிலம் இணையதளத்தில் புல எண்ணைப் போட்டுப் பார்த்தோம். ஆலமரம் நிற்கிற இடமும் கரையும் அரசுப் புறம்போக்கு. அந்த நிலத்தில் உட்கார எந்தத் தெருவின் அனுமதியும் தேவையில்லை. நீங்கள் வேலை செய்கிற ஊர்களிலும் இதைச் செய்து பாருங்கள். பொது இடம் எது என்று காகிதத்தோடு தெரிந்து வைத்திருப்பவருக்குக் குரல் நடுங்குவது கொஞ்சம் குறைகிறது.

அடுத்த ஐப்பசிக்கு அதே ஆலமரத்தடியில்தான் சமையல் என்று இளையவர்கள் சொல்கிறோம். ஒரு வேன் போதாது, மூன்று வேனாகப் போவோம், முன்கூட்டியே காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுப்போம் என்கிறோம். மாமா தன் பட்டியலை மாற்றச் சம்மதிக்கவில்லை. "நீங்க பேசிட்டுப் போயிருவீங்க, மறுநாள் அந்த ரோட்டுல வண்டி ஓட்டுறவன் நானு" என்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பேச்சு முடியவில்லை.

அப்பத்தா மட்டும் தன் முடிவைச் சொல்லிவிட்டார். ஆலமரத்தடிக்கு அவரும் வருகிறார். கேன் ஐந்தும் வரும்.